ஹட்டன் குளிருக்கு எந்த நைட்ரோ மொன்ஸ்டர் ட்ரக்: சாவேஜா, ரெவோவா, எச்எஸ்பியா?

டிக்கோயா தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு கையில் இருக்கிறது, 1 இலட்சத்து 30 ஆயிரம் ரூபாய். நைட்ரோ எரிபொருளில் ஓடும் சின்ன எஞ்சின் போட்ட ரிமோட் மொன்ஸ்டர் ட்ரக் ஒன்று வாங்கப் போகிறேன். மூன்று வண்டிக்கு விலை பேசி வைத்திருக்கிறேன். ஒன்று, பேராதனையில் ஒருவர் பாவித்த எச்பிஐ சாவேஜ் எக்ஸ் 4.6. இன்னொன்று கொழும்பில் இருக்கும் டிராக்சாஸ் ரெவோ 3.3. அதில் முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆர்ம் ஒன்று உடைந்திருப்பதால் விலை இறங்கியிருக்கிறது. மூன்றாவது, பெட்டி பிரிக்காத எச்எஸ்பி, பத்தில் ஒன்று அளவு, 18 எஞ்சின்.

ஓட்டப் போவது ஹட்டனிலும் எங்கள் தோட்டத்துக் கிரவுண்டிலும்தான். மழை விட்டால் செம்மண் தூசு, மழை வந்தால் சேறு. உங்களுக்குத் தெரியாததா.

ஏன் நைட்ரோ என்று கேட்பீர்கள். அப்பா தோட்டத்து ஃபேக்டரியில் எஞ்சின் ரூமில் 26 வருஷம் வேலை செய்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார். ரோட்டில் ஒரு லொறி ஏறினால்கூடத் தலையைச் சாய்த்துக் கேட்பார். அவரோடு உட்கார்ந்து கழற்றிப் பூட்ட ஒரு எஞ்சின் வேண்டும். பெரியவர்கள் வழி சொல்லுங்கள்.

கம்பளை கராஜ் எழுதியது:

சாவேஜ். இரண்டு பக்கமும் அலுமினியத் தட்டு நிற்கிற சட்டம் அது, கல்லில் விழுந்தாலும் வளையாது. 4.6 சிசி எஞ்சினுக்கு முன்னால் 3.3 எல்லாம் சின்னப் பிள்ளை. ஹட்டன் மேட்டில் ஏற வேண்டுமென்றால் பலம் வேண்டும் தம்பி.

பழைய பிஸ்டன் எழுதியது:

கம்பளை அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஆனால் மலையில் சிசியை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம். நான் நுவரெலியாவில் இருந்துகொண்டு பல வருஷமாக இதில் கை கருகியவன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். இங்கே காற்றின் அழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. குளிர் காற்று கொஞ்சம் அடர்த்தி என்பதால் ஒரு சிறு பகுதி திரும்பக் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 4.6 எஞ்சின் எங்கள் ஊரில் கொழும்பின் 3.8 சிசி எஞ்சின் இழுக்கிற அளவு காற்றைத்தான் இழுக்கும். ஹட்டன் சுமார் 1,270 மீட்டர், அங்கே அது 4 சிசி போல நடக்கும். ரெவோவின் 3.3 ஹட்டனில் 2.9. எச்எஸ்பியின் 18 என்பது 3 சிசிக்குச் சற்றுக் குறைவு, அதுவும் இதே விகிதத்தில் இறங்கும். எல்லா வண்டியும் சேர்ந்து இறங்குவதால் சாவேஜ்தான் முன்னால் நிற்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் கடைசியில் வண்டியை ஓட வைப்பது நீடில், கார்ப்பரேட்டரில் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற திருகு. அதை எத்தனை தரம் திருப்ப நீ தயார் என்பதுதான் கேள்வி.

காற்று குறைந்தால் அதே நீடில் இடத்தில் எரிபொருள் அதிகமாகிவிடும். வண்டி வெள்ளைப் புகையாகத் தள்ளும், ஐடிலில் கொழகொழவென்று திணறும், முடுக்கினால் தயங்கும். அப்போது ஹை ஸ்பீட் நீடிலை வலப்பக்கமாகக் கொஞ்சம் மூட வேண்டும். கொஞ்சம் என்றால் கடிகாரத்தில் ஒரு மணி அளவு, அவ்வளவுதான். மூடி, ஒரு ஓட்டம் ஓட்டி, பார்த்து, மறுபடி. கொழும்பில் ட்யூன் பண்ணிய வண்டியை மேலே கொண்டு வந்தால் வீண் புகை மட்டும்தான், எஞ்சினுக்கு ஆபத்தில்லை. மேலே ட்யூன் பண்ணியதைக் கீழே கொண்டு போவதுதான் ஆபத்து.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு சித்திரைக்கு மச்சான் வீட்டுக்குக் கண்டிக்குப் போனோம். நுவரெலியாவில் தங்கம் மாதிரி ஓடிய வண்டி. நீடிலில் கை வைக்காமல் அப்படியே கிரவுண்டில் விட்டேன். முதல் ஐந்து நிமிஷம் அதுவரைக்கும் ஓடாத வேகத்தில் ஓடியது. புகையே வரவில்லை, நான் சந்தோஷப்பட்டேன். பிறகு ஒரு கிறீச் சத்தம், வண்டி உருண்டு நின்றது. திறந்து பார்த்தபோது பிஸ்டனின் வாய்ப்பக்கம் நீள நீளமாகக் கோடு. எரிபொருளோடுதான் எண்ணெயும் போகிறது. எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். அந்தப் பிஸ்டனை இன்னும் மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன்.

பதுளை மின்னல் எழுதியது:

நைட்ரோ சண்டைக்குள் வருவதற்கு மன்னிக்கவும். இன்றைக்குப் பிரஷ்லெஸ் மோட்டரும் லிப்போ பற்றரியும் போட்ட வண்டிக்குக் காற்று மெலிந்தால் என்ன, தடித்தால் என்ன? பதுளை, பண்டாரவளை, ஹட்டன் எங்கேயும் ஒரே மாதிரி போகும். எரிபொருள் தேடி அலைய வேண்டாம், தோட்டத்துப் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் சத்தமும் இல்லை. ஒரு தடவை யோசித்துப் பாருங்கள் தம்பி.

டிக்கோயா தம்பி எழுதியது:

யோசித்தேன் அண்ணன். நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் மோட்டரில் அப்பாவுக்குக் கேட்க ஒன்றும் இல்லையே.

பழைய பிஸ்டன் அண்ணன், எரிபொருள் பற்றி ஒரு கேள்வி. பெரியப்பா மகன் பாரிஸில் இருக்கிறான், மாசி மாதம் வருகிறான். இரண்டு கலன் கொண்டு வரச் சொல்லலாமா?

பழைய பிஸ்டன் எழுதியது:

வேண்டாம். வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதே. இந்த எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனோல், மீதி நைட்ரோமீத்தேனும் எண்ணெயும். விமானத்தில் பயணப்பெட்டியில் அதைக் கொண்டுவரவே முடியாது. அதோடு 2021 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 16 சதவீதத்துக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள எரிபொருளைச் சாதாரண ஆளுக்கு அனுமதிப்பத்திரம் இல்லாமல் விற்கவும் கூடாது, ஏனென்றால் வெடிபொருள் செய்ய உதவும் பொருள் அது. பிள்ளையை விமான நிலையத்தில் மாட்டிவிடாதே. எஞ்சினைப் பற்ற வைக்கிற குளோ பிளக், கிளட்ச் ஷூ, பேரிங், ஆர்ம் இவற்றைக் கொண்டு வரச் சொல்லு. பிளக்கில் சாதாரண வகை, டர்போ வகை என்று இரண்டு உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. உன் எஞ்சினுக்கு எது என்று பார்த்துச் சொல்லு.

எரிபொருளை இங்கேயே கொழும்பில் வாங்கு. கிடைக்கிற கடையை முதலில் பிடி, அவர்களிடம் என்ன சதவீதம் தொடர்ந்து வருகிறது என்று கேள், அதற்குப் பிறகு வண்டியைத் தேர்ந்தெடு. ரெவோ, சாவேஜ் போன்றவற்றுக்குத் தொட்டி ஏறக்குறைய 150 மில்லிலீட்டர், ஒரு தொட்டி 10-லிருந்து 15 நிமிஷம். ஒரு கலனில், அதாவது 3.8 லீட்டரில், 25 தொட்டி வரும், ஐந்து மணித்தியால ஓட்டம். எச்எஸ்பி இதைவிடக் குறைவாகக் குடிக்கும். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு ஓட்டுகிறவனுக்கு இந்தக் கணக்குத்தான் முதலில் முக்கியம்.

இன்னொன்று. முடிந்தால் நைட்ரோ சதவீதம் கூடியதை எடு. ஒரு பங்கு மெத்தனோல் எரிய ஆறரைப் பங்கு காற்று வேண்டும். நைட்ரோமீத்தேனுக்கு இரண்டு பங்குகூட வேண்டாம், ஒக்சிசன் அதற்குள்ளேயே இருக்கிறது. காற்று மெலிந்த ஊரில் அதன் அருமை தெரியும். குறைந்த சதவீதம்தான் கிடைக்கிறது என்றால் சூடான வகைப் பிளக் போடு, நம் குளிருக்கும் அதுதான் ஒத்துவரும்.

ராகலை டீச்சர் எழுதியது:

எச்எஸ்பி பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். என் மகன் இரண்டு வருஷமாக அதே 18 எஞ்சின் வண்டியை வைத்திருக்கிறான். மோசமான வண்டி இல்லை. இதே வண்டி வேறு வேறு பெயர் ஒட்டி வேறு நாடுகளிலும் விற்கப்படுவதால் உதிரிப் பாகம் சுலபமாக வரும், விலையும் மலிவு. கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவதுதான் எங்கள் வீட்டுப் பிரச்சினை. ராகலையில் மார்கழி, தை மாதக் காலையில் எஞ்சின் உறைந்த மாதிரி இருக்கும். பிஸ்டன் மேலே வந்து நின்ற நிலையில் ஆறிப்போனால், அது ஓடுகிற குழாயான ஸ்லீவ் அதைப் பிடித்துக்கொள்ளும். மகன் பலமாக இழுத்து இரண்டு கயிறு அறுத்தான். இப்போது ஓட்டி முடித்ததும் ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டுத்தான் மூடி வைக்கிறான். காலையில் முதலில் தலைமுடி காய வைக்கிற மெஷினால் எஞ்சின் தலையை இரண்டு நிமிஷம் சூடாக்குகிறோம். அதன் பிறகு இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்கிறது.

எரிபொருள் அதிகம் போய்ச் சிலிண்டருக்குள் நிறைந்துவிட்டால் பிஸ்டன் அசையாது. அப்போதும் இழுக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, மெல்ல இழுத்து எரிபொருளை வெளியே விட வேண்டும். கனெக்டிங் ரொட் வளைந்தால் எஞ்சினே போய்விடும்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். தம்பி, நீங்கள் இருப்பது லயன் காம்பராவா, தனி வீடா தெரியாது. லயனாக இருந்தால் எரிபொருளை வீட்டுக்குள் வைக்காதீர்கள், அடுப்பு எரிகிற இடத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான் இருக்கும். மெத்தனோல் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. கை சுடும்போதுதான் எரிகிறது என்றே தெரியும். நிறையத் தண்ணீர் ஊற்றலாம், மெத்தனோல் தண்ணீரோடு கலந்துவிடும்.

சோடாப் போத்தலில், சாராயப் போத்தலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். யாராவது எடுத்து வாயில் வைத்தால் கண் போகும், உயிரும் போகும். சில மடக்கே போதும். குடித்த உடனே ஒன்றும் தெரியாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் பார்வை மங்கும். அப்படி நடந்தால் வீட்டில் வைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், குடித்தது மெத்தனோல் என்று டொக்டரிடம் சொல்லுங்கள். நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன். எரிபொருள் அது வந்த கலனிலேயே, பூட்டுப் போட்ட பெட்டியில், வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

டிக்கோயா தம்பி எழுதியது:

நன்றி டீச்சர். லயன்தான். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். பழைய கோழிக்கூடு ஒன்று வீட்டுக்குப் பின்னால் பீலிக்குப் பக்கத்தில் சும்மா இருக்கிறது, அதற்குத் தகரம் அடித்துப் பூட்டுப் போடலாம் என்கிறார்.

கம்பளை கராஜ் எழுதியது:

டீச்சர் சொன்ன குளிர்க் கதையைக் கேட்ட பிறகு ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ரெவோவில் மின்சார ஸ்டார்ட்டர் இருக்கிறது. பற்றரிக் கோலைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் எஞ்சினையும் சுற்றும், பிளக்கையும் சூடாக்கும். நான் பார்த்த சாவேஜ் எல்லாம் கயிறுதான். ஆனாலும் சாவேஜின் சட்டத்துக்கு ஈடு இல்லை என்பதில் மாற்றமில்லை.

பழைய பிஸ்டன் எழுதியது:

சட்டத்தைப் பற்றிப் பேசினால் ரெவோவின் ஷொக்கையும், அதாவது அதிர்வு தாங்கியையும், பேச வேண்டும். மற்ற வண்டிகளில் ஷொக் ஆர்மிலிருந்து நேரே மேலே நிற்கும். ரெவோவில் ஷொக் உள்ளே படுத்திருக்கிறது. ஆர்மிலிருந்து ஒரு தண்டு போய் ஒரு நெம்பைத் தள்ள, அது ஷொக்கை அமுக்குகிறது. நம் கிரவுண்டில் கொழுந்து லொறி ஏறி இறங்கிப் பள்ளமான இடத்தில் சக்கரம் தரையை விடாமல் ஓடுவதை நீயே பார்ப்பாய். ஆனால் அந்த மூட்டுகளுக்குள் சேறு போய்க் காய்ந்தால் விறைத்துவிடும், ஓட்டிய அன்றைக்கே கழுவித் துடைக்க வேண்டும்.

சரி, வண்டியின் பெயரை விடு. பாவித்த நைட்ரோவில் பெயரை விட எஞ்சினின் நிலைதான் பெரிது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. ஒரு வெள்ளைக் கைலேஞ்சி கொண்டு போ. எயார் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்பரேட்டரின் வாய்க்குள் கைலேஞ்சியின் முனையை விட்டுச் சுற்றி எடு. மண் நிறம் வந்தால் தூசு உள்ளே போயிருக்கிறது, அந்த எஞ்சினுக்குக் காசு கொடுக்காதே. வராவிட்டால் பிளக் பூட்டியிருக்கும்போது ஃப்ளைவீலை விரலால் மெல்லச் சுற்றிப் பார். பிஸ்டன் மேலே வருகிற இடத்தில் இறுக வேண்டும். ஸ்லீவ் மேல்பக்கம் கொஞ்சம் குறுகியது, அந்தப் பிடிதான் கம்ப்ரஷன். வழுக்கிக்கொண்டு போனால் எஞ்சின் தேய்ந்துவிட்டது. எஞ்சின் ஆறியிருக்கும்போது பார், சூடாக்கி வைத்துக் காட்டினால் நம்பாதே.

பதுளை மின்னல் எழுதியது:

எந்த வண்டி வாங்கினாலும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டை அணைத்தால் வண்டி தானாக பிரேக் பிடித்து நிற்க வேண்டும். எனக்கும் ஒரு காலத்தில் நைட்ரோ இருந்தது. ரிசீவர் பற்றரி இறங்கி, முடுக்கிய நிலையிலேயே என் கையை விட்டுப் போய் ஒருவருடைய லீக்ஸ் பாத்தியை உழுதது. தோட்டக்காரருக்குக் காசு கொடுத்தேன். பாத்தியில் அந்த நேரம் ஆள் இல்லாதது கடவுள் செயல். த்ரோட்டிலை இழுத்து மூடும் ஸ்ப்ரிங் ஒன்றும் கட்டாயம் போடுங்கள். ஐந்து கிலோ இருக்கிற வண்டி அந்த வேகத்தில் ஒரு பிள்ளையின் காலில் பட்டால் எலும்பு நிற்காது.

2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்த நாளில் நான் அந்த ஊரில்தான் இருந்தேன். அதற்குப் பிறகு எங்கே எந்த வண்டி ஓடினாலும் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

டிக்கோயா தம்பி எழுதியது:

இரண்டு வாரமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும். போய்ப் பார்த்து வந்தோம்.

பேராதனை சாவேஜ் பார்க்க அவ்வளவு அழகு. புது பொடி (மேல்கூடு), புது டயர். விற்கிறவரும் நல்ல மனுசன், தேத்தண்ணி கொடுத்தார். ஃபில்டரைக் கழற்றக் கேட்டேன், தயங்காமல் கழற்றினார். கைலேஞ்சி முனையைச் சுற்றி எடுத்தபோது செங்கல் நிறத்தில் ஒரு வளையம் வந்தது. அப்பா ஒன்றும் பேசாமல் அதை வாங்கி, பெருவிரலால் தேய்த்து, விரலை என்னிடம் காட்டினார். நெறுநெறுவென்று இருந்தது. பிறகு ஃப்ளைவீலைச் சுற்றினார். தடையே இல்லாமல் முழுச் சுற்றும் வந்தது. 'நல்ல எஞ்சின், பாவம், சாப்பிட்டிருக்கு' என்று மட்டும் சொன்னார். விற்கிறவரும் மறுத்துப் பேசவில்லை. எஞ்சின் மாற்றினால் சட்டம் இன்னும் பல வருஷம் ஓடும் என்பது உண்மை, ஆனால் அந்தச் செலவு என் கைக்கு மேலே.

அங்கிருந்து கொழும்புக்கு இரயில். ரெவோ அழுக்காக இருந்தது. பொடி கீறல், ஆர்ம் உடைசல், இரண்டு சக்கரத்தில் பசை விட்டிருந்தது. கைலேஞ்சி வெள்ளையாகவே வந்தது. அப்பா சுற்றும்போது மேலே வந்ததும் பிடித்துக்கொண்டது, இன்னும் அழுத்தினார், கிறுக்கென்று ஒரு சின்னச் சத்தத்தோடு தாண்டியது. அப்பா என்னைப் பார்த்தார். அதற்கு மேல் விலை பேசவே எனக்கு மனம் வரவில்லை, அவர்தான் பேசி 8 ஆயிரம் குறைத்தார். எரிபொருள் ஒரு கலன் அங்கேயே வாங்கினோம். ஸ்டேஷனில் இரயிலில் அதை ஏற்ற முடியாது என்று சொன்னார்கள். ஊர் லொறிக்காரர் ஒருவர் மூலமாகக் கலன் ஹட்டன் வந்து சேர நான்கு நாள் ஆனது.

பழைய பிஸ்டன் எழுதியது:

சந்தோஷம் தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லு. பழைய பிளக்கைத் தூக்கிப் போடு, புதுசு போட்டுத் தொடங்கு. ஃபில்டர் பஞ்சுக்கு எண்ணெய் தடவ மறக்காதே. முதல் தொட்டி நல்ல புகையோடு போகட்டும், அவசரப்பட்டு மூடாதே.

டிக்கோயா தம்பி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபேக்டரி முற்றத்தில் ஸ்டார்ட் பண்ணினோம். பெரிய துரையிடம் முன்னாலேயே கேட்டு வாங்கிய அனுமதி. மரப்பெட்டி மேல் வைத்து, சக்கரம் தரையில் படாமல். பொத்தானை அழுத்தி மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. முற்றம் முழுக்க அந்த இனிப்புப் புகை மணம்.

எரிபொருள் அளவு சரியா என்று அறிய, ஐடிலில் எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பார்த்தேன். மூன்று விநாடி, கொஞ்சம் வேகம் ஏறி, பிறகு நின்றது. சரி என்று நினைத்தேன். கிரவுண்டில் இரண்டு ஓட்டம் விட்டேன், மூன்றாவது ஓட்டத்துக்கு முன்னால் ஹை ஸ்பீட் நீடிலை இன்னும் ஒரு மணி அளவு மூடினேன். வேகம் அருமையாக இருந்தது. அப்பா மதில் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர் கையைத் தூக்கினார். வண்டியைக் கொண்டு வந்தேன். 'கையை எடுத்த பிறகும் அது இறங்க மாட்டேங்குது, கேளு' என்றார். முடுக்கி விட்டேன். உண்மைதான், சத்தம் மேலேயே தொங்கி நின்று பிறகுதான் இறங்கியது. நைட்ரோ எஞ்சினை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தவர். எரிபொருள் குறைந்துவிட்டது என்று புரிந்தது, நீடிலை மூடிய அளவுக்குத் திரும்பத் திறந்தேன். அடுத்த ஓட்டத்தில் பின்னால் மெல்லிய நீலப் புகைக்கோடு, கையை எடுத்ததும் சத்தம் உடனே விழுந்தது. சூடு அளவாக இருக்கிறதா என்று பார்க்க எஞ்சின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், நான்கு விநாடியில் காய்ந்தது, சரிதான்.

ஹட்டன் பக்கம் ஓட்டுகிறவர்களுக்காகக் குறித்து வைக்கிறேன்: காலை பத்து மணி, பனி விலகியிருந்தது, ஹை ஸ்பீட் நீடில் முழுதாக மூடிய இடத்திலிருந்து மூன்றரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடத் திறந்திருக்கிறது. வேறு எஞ்சினில் இதை அப்படியே போடாதீர்கள்.

ராகலை டீச்சர், உங்கள் மகனையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மாதக் கடைசி ஞாயிறு டன்பார் கிரவுண்ட் கேட்டிருக்கிறோம், வேலிக்குக் கயிறும் கட்டுகிறோம். அப்பா அவனுடைய எஞ்சினையும் கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.